வசியக் கிழங்கு

கேள்வி: மேல்மலைப் பத்தனாப் புல்வெளியில் ஒரு கிழங்கு இருக்கிறதாம். அரைத்துக் கொடுத்தால் மாப்பிள்ளை பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடுவாராம். உண்மையா? (வாசகி ஒருவர், பலாங்கொடை)

பதில்: கிழங்கு உண்மை. மாப்பிள்ளை அடங்கியதற்குத்தான் சாட்சி இல்லை.

சிங்களத்தில் ‘நாகமரு அல’ என்பார்கள். ஊவா, மத்திய மலைநாட்டுப் புல்வெளிகளில் முளைக்கும் நில ஆர்க்கிட். இலங்கைக்கு வெளியே இயற்கையில் கிடையாது. கேரள மலையில் ஒரு பங்காளி உண்டு. 1831இல் ஜோன் லிண்ட்லி வைத்த பெயர் இப்சியா ஸ்பெசியோசா. பூக்காத காலத்தில் மிதித்துக்கொண்டு நின்றாலும் தெரியாது. புல்லோடு புல்லாய் ஓரிரு ஒல்லி இலை. பூத்தாலோ மெல்லிய தண்டின் நுனியில் பளிச்சென்ற மஞ்சள், மணமும் சேர்த்து.

வசியத்துக்கென்று தோண்டித் தோண்டியே அருகிப்போனது. துருக்கியிலும் இதே கூத்துதான்! அங்கே நில ஆர்க்கிட் கிழங்கைக் காயவைத்து மாவாக்கி, ‘சலேப்’ என்று பாலில் காய்ச்சுகிறார்கள், ஐஸ்கிரீமிலும் போடுகிறார்கள். ஆண்மைக்கு நல்லது என்ற பேச்சும் பழையது. ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கு மேல் கிழங்கு போகும்.

இங்கே தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வசியம் பலிக்குமோ இல்லையோ, வழக்கு பலிக்கும்.

விதை போட்டு லயத்து வாசலில் வளர்க்கலாமே என்பவர்களுக்கு: ஆர்க்கிட் விதை தூசு மாதிரி. உள்ளே சேமித்த உணவு இல்லை. மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைவிடும். அந்தப் பூஞ்சை பலாங்கொடைச் சந்தையில் கிடைக்காது.