உப்பும் சட்டை

முட்டுக்காட்டுக் கழியில் கயாக்கில் உட்கார்ந்து கொடுவாவுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் சென்னையில் இப்போது ஒரு சிறு கூட்டம். இந்தக் கூட்டத்தில் மீனைப் பற்றிப் பேச்சு குறைவு, சாமான்களைப் பற்றித்தான் அதிகம். மீன் கிடைக்காததும் ஒரு காரணமாக இருக்கலாம். ராடு எத்தனை அடி, துடுப்பு கார்பனா அலுமினியமா என்று ஆரம்பிக்கும் பேச்சு கடைசியில் லைஃப் ஜாக்கெட்டில் வந்து சண்டையாகும்.

எல்லாம் வெயில் பண்ணும் வேலை. நெஞ்சிலும் முதுகிலும் நுரைப் பலகை வைத்துத் தைத்த ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைச் சித்திரையில் போட்டுக்கொண்டு துடுப்பு போடுகிறவன் மூழ்கிச் சாக மாட்டான், வெந்து சாவான். அதனால் பத்தே நிமிடத்தில் அதைக் கழற்றிக் கயாக்கின் வாலில் கட்டிவிடுவார்கள். ஏற்கெனவே மிதக்கத் தெரிந்த கயாக்குக்கு இரட்டைப் பாதுகாப்பு.

இதற்குப் பதிலாக வந்ததுதான் வேண்டும்போது மட்டும் உப்பும் ரகம். மற்ற நேரத்தில் கழுத்தைச் சுற்றி இரண்டு பட்டைகளாகக் கிடக்கும். உள்ளே மடித்து வைத்த ஒரு பை, ஒரு குட்டி சிலிண்டர், அதில் 33 கிராம் கரியமில வாயு. சோடாவில் அடைக்கிற அதே வாயு. கயிற்றை இழுத்தால் ஊசி சிலிண்டரின் வாயைக் குத்தும், சில நொடிகளில் பை உப்பிவிடும்.

இதை என் மச்சானிடம் சொன்னேன். வங்கியில் கடன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் ஈடு என்ன என்று பார்க்கும் கண்.

“மாப்ள, 150 நியூட்டன்னு போட்டிருக்கான். பத்து நியூட்டன் ஒரு கிலோன்னா பதினஞ்சு கிலோதான் தூக்கும். நான் தொண்ணூறு. மீதி எழுபத்தஞ்சுக்கு யார் ஜாமீன்?”

தண்ணீர்தான் ஜாமீன் என்றேன். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீருக்குள் அது கனப்பதில்லை. தலையை மட்டும் வெளியே வைத்திருக்க மூன்று முதல் ஐந்து கிலோ தூக்குவிசை போதும். அதற்கு மேல் இருப்பது, மயங்கிக் குப்புறக் கிடப்பவரையும் மல்லாத்தி முகத்தை வானம் பார்க்க வைப்பதற்கு. கூடவே கொழுப்பு தண்ணீரைவிட லேசு என்பதால், ஜிம்முக்குப் போகிற பையன்தான் அடியில் போவான், தொப்பைக்காரர் மேலே நிற்பார் என்றும் சொன்னேன். டாக்டர் வருஷக்கணக்காகக் குறைக்கச் சொல்லிவரும் தொப்பையை மச்சான் முதல்முறையாக வைப்புத்தொகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

காற்றுப் பையை நம்பி நீரில் இறங்குவது இன்று நேற்று வந்ததல்ல. ஊதிய ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு ஆற்றில் நீந்தும் அசீரியர்களைக் கிமு 9ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கிணறுகளில் சுரைக்குடுக்கை. கப்பல்காரர்கள் முதலில் தக்கையைக் கட்டிக்கொண்டார்கள், பிறகு இலவம்பஞ்சுக்கு வந்தார்கள். ஆம், நம் தலையணைப் பஞ்சுதான். அதன் இழைமேல் மெழுகுப் பூச்சு உண்டு, நடுவே காற்று, ஆகவே சுலபத்தில் நனையாது. ஆனால் அதையே சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தால் இழை நசுங்கி மிதப்பு போய்விடும். பஞ்சைக் கண்டால் யாருக்குத்தான் படுக்கத் தோன்றாது? இலவு காத்த கிளியின் கதிதான் அப்புறம். காற்றடைத்த ஜாக்கெட்டுக்கு அமெரிக்காவில் பீட்டர் மார்கஸ் என்பவர் 1928இல் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப்போர் விமானிகள் அதற்கு மே வெஸ்ட் என்ற ஹாலிவுட் நடிகையின் பெயரை வைத்தார்கள். உப்பிய பிறகு கண்ணாடியில் பார்த்திருப்பார்கள்.

பெரிய தகராறு இனிமேல்தான். கையால் இழுப்பதா, தானாக உப்புவதா? தானியங்கியில் தண்ணீர் பட்டால் கரையும் ஒரு மாத்திரை இருக்கிறது. அது கரைந்ததும் அடக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டு ஊசியைத் தள்ளும். மச்சான் தானியங்கிக் கட்சி, அதையே வாங்கியும் மாட்டிக்கொண்டார். “மயக்கம் போட்டு விழுந்தா கயிறை யார் வந்து இழுப்பா?” கேள்வி நியாயமானது. உயரமான படகின் தளத்தில் நிற்பவருக்கு அதுதான் சரியும்கூட. ஆனால் கயாக்கில் நாம் பாதி தண்ணீரிலேயே உட்கார்ந்திருக்கிறோம். துடுப்பிலிருந்து ஒழுகும், அலை தெறிக்கும், இருக்கையில் குளம் கட்டும். எது விழுந்த தண்ணீர், எது தெறித்த தண்ணீர் என்று மாத்திரைக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் கோவளத்து டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கியபோது இதற்குச் சாட்சி கிடைத்தது. தார்ப்பாயின் குழியில் தேங்கிய தண்ணீர் ஓர் ஓட்டை வழியாக மச்சானின் இடது நெஞ்சைக் குறிவைத்து ஒழுகியது. அவர் வடையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். டப்பென்று ஒரு சத்தம், பிறகு ஒரு சீறல். மஞ்சள் பை இரண்டு கன்னங்களையும் பிடித்து மோவாயை மேலே தள்ளிவிட்டது. காதோரம் விசில் ஊசலாடியது. கையிலிருந்த டீ ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை, ஆனால் டம்ளர் எங்கே இருக்கிறதென்று அவரால் குனிந்து பார்க்க முடியவில்லை. பெஞ்சில் வலை முடிந்துகொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா சார், தரையிலயே முழுவிட்டியா?”

நனைவதை வைத்து அல்லாமல், சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்து நீரழுத்தம் பட்டால் மட்டும் உப்புகிற ரகமும் உண்டு. மழைக்கும் தெறிப்புக்கும் மசியாது. மச்சான் விலையை விசாரித்தார். கடன் பிரிவு விழித்துக்கொண்டது. கயிறு இழுக்கும் கட்சிக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் கட்சியிலும் எல்லாம் சொர்க்கமில்லை. தொங்கும் கைப்பிடி தூண்டில் நரம்பில் சிக்கினால், வீசும்போதே உப்பிவிடும். தூண்டில் முள்ளும் கெளுத்தியின் முள்ளும் பையில் ஏறினால், கரையில் இருக்கும்வரை நமக்குத் தெரியாது. நுரை ஜாக்கெட் நூறு குத்து வாங்கினாலும் மிதக்கும். கால்களுக்கிடையே கொடுத்து இழுக்கும் பட்டை இல்லாவிட்டால், பை மட்டும் மேலே போகும், நாம் கீழே நிற்போம். அதைப் பார்த்த மச்சான், “இவ்வளவு காசு குடுத்துக் கோவணத்துக்கே வந்துட்டமா?” என்றார். வந்துவிட்டோம், இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு ஜாக்கெட்டுக்கு உள்ளே போகவேண்டும், மேலே போட்டு ஜிப்பை இழுத்தால் உப்பும்போது நெஞ்சை நெரிக்கும்.

16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த ரகம் கூடாது என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி, நீச்சல் தெரியாதவர்களுக்கு வேண்டாம் என்பது அதன் அறிவுரை. நீச்சல் தெரியும் என்று சொல்கிற எல்லாருக்கும் தெரிவதில்லை என்பது என் விதி. கோவளத்தில் அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகிறவர்கள் வெந்தாலும் பரவாயில்லை, நுரையையே போடலாம். அங்கே கவிழ்வது சகஜம். கவிழ்ந்ததும் கயிறு தேட நேரமிருக்காது. உப்பிய பையை நெஞ்சில் தாங்கிக்கொண்டு கயாக்கில் மறுபடி ஏறுவதும் லேசில்லை, பாதிக் காற்றையாவது இறக்கவேண்டும். அமைதியான கழிக்கு மட்டும்தான் நான் உப்பும் சட்டைக்கு ஓட்டுப் போடுவேன், அதுவும் கயிறு இழுக்கும் ரகத்துக்கு.

வாங்கியபின் பராமரிப்பு. வாயால் ஊதி ஓர் இரவு வைத்தால் கசிவு தெரிந்துவிடும். சிலிண்டரைக் கழற்றி எடை போடவேண்டும்; அதன் மேலேயே குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் தூக்கிப் போடவேண்டியதுதான். மச்சானுக்குச் சமையலறைத் தராசில் நம்பிக்கை இல்லை. தி.நகரில் தெரிந்த நகைக்கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வளையல் தட்டுகளுக்கு நடுவே, கண்ணாடிப் பெட்டித் தராசில் சிலிண்டரை நிற்கவைத்தார் விற்பனைப் பையன். இரண்டு முறை எடை போட்டும் பொறித்த எடைக்கு ஒரு கிராம்கூடக் குறையவில்லை. மச்சான் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நகைக்கடையில சேதாரம் இல்லாம வெளிய வர்றது இதுதான் மாப்ள முதல் தடவை.”