தாத்தாவின் அலமாரியில் கிடைத்தது: சோவியத் கேமரா ஏலக் குறிப்புகளுக்கு ஒரு பாட்டியல்

பரணிக்கும் உலாவுக்கும் பிள்ளைத்தமிழுக்கும் பாட்டியல் நூல்கள் இலக்கணம் வகுத்துவிட்டன. இணைய ஏலத் தளங்களில் நாள்தோறும் அரங்கேறிக்கொண்டிருக்கும் ஒரு சிற்றிலக்கிய வகையை மட்டும் எந்தப் புலவரும் சீந்தவில்லை. பழைய சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களை விற்பதற்காக எழுதப்படும் குறிப்புகளைத்தான் சொல்கிறேன். பாட்டுடைத் தலைவர்கள் மூவர்: கார்கிவ் நகரத்து ஃபெட், மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க்கின் ஜோர்கி, அர்செனல் ஆலையில் பிறந்து ஊர்ப் பெயரையே சூடிக்கொண்ட கீவ். இந்த ஆய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி வழங்கவில்லை. கேட்டிருந்தாலும் வழங்கியிருக்காது.

இந்தக் குறிப்புகளில் பொய் மிகக் குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொய் எழுதினால் வாங்கியவர் புகார் கொடுப்பார், பணத்தைத் திருப்பித் தர நேரும். ஆகவே தேர்ந்த ஆசிரியர் உண்மையை மட்டுமே எழுதுகிறார். எந்த உண்மையை எங்கே நிறுத்திக்கொள்வது என்பதில்தான் அவருடைய கைவண்ணம் இருக்கிறது.

‘லைட் மீட்டர் வெளிச்சத்துக்கு அசைகிறது’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். கீவ்-4, ஃபெட்-4 போன்றவற்றின் மீட்டர் செலினியத்தால் ஆனது. பேட்டரி வேண்டாம், வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் தரும், முள் நகரும். அரை நூற்றாண்டு கழிந்தால் செலினியம் தளர்ந்துபோவது வழக்கம். அப்போதும் முள் அசையும். ஆனால் நண்பகல் வெயிலை மாலை மயக்கம் என்று காட்டும். அதை நம்பிப் படமெடுத்தால் ஃபிலிமில் வேண்டியதைவிடப் பன்மடங்கு வெளிச்சம் ஏறிவிடும். விற்பவர் என்ன சொன்னார்? அசைகிறது என்றார். அசைகிறதே! சரியாகக் காட்டுகிறது என்று அவர் எங்கும் எழுதவில்லை. எஞ்சியதை உய்த்துணர்வது வாசகர் பொறுப்பு.

அடுத்தது கூற்று. அகப்பாடலில் பேசுவது தலைவியா, தோழியா, செவிலியா என்று முதலில் தெளிந்த பிறகே உரைகாரர் மேலே நகர்வார். ஏலக் குறிப்பில் பேசுபவர் பெரும்பாலும் ‘அறியாதவர்’. ‘தாத்தாவின் அலமாரியில் கிடைத்தது. எனக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது.’ கல்நெஞ்சும் கரையும். ஆனால் இரண்டு வரி தள்ளி, இதில் இருப்பது ஜூபிட்டர்-8 லென்ஸ், ஜெர்மனியின் ஸைஸ் சோனார் வடிவமைப்பைத் தழுவியது, நிறம் சற்று மென்மையாக வரும் என்று அதே அறியாதவர் அருளுகிறார். அவருடைய மற்ற விற்பனைகளைத் திறந்து பார்த்தால், தாத்தா கேமராக் கிடங்கு நடத்தியவர் என்று தெரியவரும். இதைக் குற்றமாகக் கொள்ளாமல் மரபாகக் கொள்வதே முறை. அறியாதவரிடம் இருப்பதை அறிந்தவர் அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கொண்டு போகலாம் என்ற ஆசை வாங்குபவர் நெஞ்சில் ஏற்கனவே குடியிருக்கிறது. குறிப்பு அந்த ஆசைக்கு வாசலைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த அறியாதவரின் துணைக்கூற்று ஒன்றும் உண்டு: ‘பேட்டரி இல்லாததால் சோதித்துப் பார்க்கவில்லை.’ ஜோர்கி-4 கேமராவில் பேட்டரிக்கு இடமே கிடையாது. ஃபெட்-2 கேமராவிலும் கிடையாது. இல்லாத பேட்டரி இல்லாததால் நடக்காத சோதனை! தர்க்க சாஸ்திரத்தில் இதற்குத் தனிப் பெயர் இருக்க வேண்டும்.

‘அரியது’ என்ற அடைமொழியை அதிகம் ஆராய வேண்டாம். ஜோர்கி-4 கேமரா 1956 முதல் 1973 வரை 17 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதில் ஒவ்வொன்றும் அரியதே.

காலக் கணக்கு இதைவிடச் சுவையானது. ஜோர்கியிலும் கீவிலும், 1950களின் நடுப்பகுதிக்குப் பிறகு, உடலில் பொறித்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தயாரான ஆண்டையே குறிக்கும். ‘இரண்டாம் உலகப் போர்க் காலக் கீவ்’ என்று தலைப்பில் முழங்கிவிட்டு, கடைசிப் படத்தில் மட்டும் எண்ணைக் காட்டுவார்கள். அது 75 என்று தொடங்கும். போர் முடிந்து முப்பது வருடம்! கீவ் கேமராவே போருக்குப் பிறகு வந்ததுதான். ட்ரெஸ்டனின் ஸைஸ் ஐகான் தயாரித்துவந்த கான்டாக்ஸுக்கான கருவிகளும் உதிரி பாகங்களும் போர் இழப்பீடாகச் சோவியத் நாட்டுக்குப் போயின. 1940களின் இறுதியில் கீவ் பிறந்தது. ஆகவே போருக்கும் அதற்கும் உறவு உண்டு என்று விற்பவர் வாதாடினால் மறுக்க முடியாது. தகப்பன் போருக்குப் போனதற்காகப் பிள்ளைக்குப் பதக்கம் குத்துகிறார்.

ஷட்டர் பகுதிக்கு வருவோம். ‘எல்லா வேகங்களிலும் ஷட்டர் இயங்குகிறது’ என்று எழுதியிருக்கும். ஃபெட், ஜோர்கி ஷட்டர்களில் இரண்டு துணித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. வேகத்தைக் கூட்டினால் திரைகள் விரைந்து ஓடுவதில்லை. அவற்றுக்கு நடுவே உள்ள இடுக்குதான் குறுகுகிறது. அதனால் 1/250 நொடிக்கும் 1/1000 நொடிக்கும் காதுக்கு ஒரே ‘டிக்’ சத்தம்தான். விற்பவர் குமிழைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும் சத்தம் வந்திருக்கிறது, வாக்குமூலத்தில் பழுதில்லை. கொடுமை என்னவென்றால், ஜோர்கி-4 கேமராவில் ஃபிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகக் குமிழைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே இருக்கும் பொறி பழுதாகலாம். எல்லா வேகங்களும் இயங்குகின்றன என்று எழுதுவதற்காகச் செய்த பரிசோதனையே அவற்றில் ஒன்றிரண்டை முடித்துவைத்திருக்கக்கூடும்.

திரையின் கதி தெரிய வேண்டுமானால், பின்மூடியையும் லென்ஸையும் கழற்றி உடலை ஒரு பல்புக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ரப்பர் பூச்சு வெடித்த துணியில் ஊசிமுனைத் துளைகள் மினுங்கும். லென்ஸ் மூடி இல்லாமல் வெயிலில் கிடந்திருந்தால் சூரியன் பொசுக்கிய ஓட்டையும் தெரியும். இவ்வகைக் கேமராவில் திரைக்கு முன் கண்ணாடி எதுவும் இல்லாததால் லென்ஸே பூதக்கண்ணாடி வேலை பார்த்துவிடும். இந்தக் கோணத்தில் எடுத்த படம் ஏலக் குறிப்பில் இருக்காது. தோல் உறைக்கு மட்டும் மூன்று படம், உறையின் பொத்தானுக்கு ஒன்று.

எல்லாவற்றுக்கும் சிகரம் இடைச்செருகல். ஏட்டுச் சுவடிகளில் பிற்காலத்தார் பாட்டைச் சேர்த்தது போல, இங்கே எழுத்தைப் பொறிக்கிறார்கள். ஃபெட் அல்லது பழைய ஜோர்கியின் மேல்தகட்டில் உள்ள ரஷ்ய எழுத்தைச் சுரண்டிவிட்டு ‘லைக்கா’ என்று வெட்டுவது, பித்தளைக்குப் பொன்முலாம் பூசுவது, பாம்புத்தோல் ஒட்டுவது, ‘பெர்லின் ஒலிம்பிக் 1936’ என்றோ ஜெர்மன் விமானப்படையின் கழுகையோ பதிப்பது. லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனம் ஜெர்மன் படைகளுக்குக் கேமரா வழங்கியது உண்மை. ஆனால் எதிரி விமானம் தேடும் வானத்தில் பொன்னும் பாம்புத்தோலுமாக மின்னும் கருவியை எந்த விமானி கழுத்தில் மாட்டிக்கொண்டிருப்பான் என்று ஏலத்தில் யாரும் கேட்பதில்லை.

மூலபாடத்தைக் கண்டறிய ஒரு வழி உண்டு. லென்ஸைக் கழற்றி, உள்ளே மேற்புறத்தில் லென்ஸின் பின்பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நெம்புகோலின் நுனியைப் பார்க்க வேண்டும். அசல் லைக்காவில் அது ஒரு குட்டி உருளை. ஃபெட்டிலும் ஜோர்கியிலும் ஆப்பு வடிவத்தில் இருக்கும். வெளியே எதை வேண்டுமானாலும் பொறித்துவிடுவார்கள்; இந்த நுனியை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. அதனால்தான் லென்ஸ் கழற்றிய படமும் குறிப்பில் இருப்பதில்லை.

இந்தப் போலியின் வம்சாவளிதான் விநோதம். 1932இல் லைக்கா-2 வெளியானது. அதைப் பிரித்துப் பார்த்து நகலெடுத்தவர்கள் கார்கிவில் ஒரு கம்யூனைச் சேர்ந்தவர்கள். ஆதரவற்ற சிறுவர்களுக்காக 1927இல் தொடங்கிய அந்தக் கம்யூனை நடத்தியவர் கல்வியாளர் அன்தோன் மகாரெங்கோ. முதலில் மின்துளைக் கருவி செய்தார்கள், பிறகு கேமரா. 1934இல் ஃபெட் தொடர் உற்பத்திக்கு வந்தது. ஆக ஃபெட் ஒரு நேர்மையான நகல். தன் பெயரைத் தன் தலையிலேயே பொறித்துக்கொண்ட நகல். அந்த நகலைச் சிதைத்து, அசல் என்று சொல்லிக்கொள்ளும் போலியைச் செய்கிறார்கள். உயர்ந்ததைத் தாழ்த்திக் கெடுத்ததாக எனக்குத் தோன்றுகிறது. சிறுவர்கள் கைபட்ட முப்பதுகளின் ஃபெட்டுக்கு இருக்கும் மதிப்பு பொன்முலாம் பூசிய பொம்மைக்கு இல்லை.

ஃபெட்டை ‘கேஜிபி உளவுக் கேமரா’ என்று விற்பதிலும் இம்மியளவு உண்மை கலந்திருக்கிறது. ஃபெட் என்பது ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஷின்ஸ்கியின் தலைப்பெழுத்துகள். சோவியத் ரகசியப் போலீஸை 1917இல் நிறுவியவர் அவர். முப்பதுகளின் ஃபெட் பலவற்றின் தலையில் என்கேவிடி என்ற உள்துறைக் காவல் அமைப்பின் பெயரே இருக்கும். கேஜிபி தோன்றியதோ 1954இல். உளவு பார்ப்பதற்கும் அந்தப் பொறிப்புக்கும் சம்பந்தமில்லை. அது கம்யூனின் முகவரி.

கடைசியாக, ஆய்வாளர்கள் அதிகம் கண்டிராத நேர்மையான குறிப்பு. அதற்கு நல்ல பரம்பரை உண்டு. 1995இல் ஈபே தளத்தைத் தொடங்கிய பியர் ஓமிடியார், உடைந்த லேசர் பாயின்டர் ஒன்றை உடைந்தது என்று சொல்லியே ஏலத்தில் விட்டார். 14.83 டாலருக்குப் போனது. வாங்கியவரிடம் கேட்டபோது, உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேகரிப்பவன் நான் என்றாராம்.

அந்த வழியில் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘இது லைக்கா அல்ல. ஜோர்கியில் செய்த போலி. திரை கிழிந்திருக்கிறது. அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்.’ நம் பாட்டியலில் தோய்ந்த வாசகர் இதற்கு உரை காண்கிறார். விற்பவர் அறியாதவர். கையில் இருப்பது அசல் லைக்கா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை, பாவம். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார், லென்ஸ் கழற்றிய படத்தை மட்டும் தாண்டிப் போகிறார், யாருக்கும் சொல்லாமல் காத்திருந்து, ஏலம் முடிய எட்டு நொடி இருக்கும்போது தொகையைக் கூட்டிப் போடுகிறார்.