அழித்த பேட்ச்களின் கணக்கு

2003-இல் என் வாடகை அறையில் இருந்தது ஒரு பென்டியம் 3 கணினி. நினைவகம் 128 எம்பி. அதில் ஃப்ரீபிஎஸ்டி 4.8 இயங்குதளம் ஓடியது. இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக வந்ததால், ஒரு மூலநிரல் பொதியை இறக்க ஊர் அடங்கிய பிறகுதான் உட்காருவேன். அப்படி இறக்கிய ஒன்றுதான் லினக்ஸுக்கென எழுதப்பட்ட சின்னக் கண்காணிப்பு நிரல். நினைவகம் எவ்வளவு மீதி, செயலி எவ்வளவு உழைக்கிறது என்று திரையோரத்தில் காட்டும். இதை ஃப்ரீபிஎஸ்டியில் ஓடும்படி மாற்ற, அதாவது போர்ட் செய்ய, அரை நாள் போதும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டும் யூனிக்ஸ் மரபைப் பின்பற்றுபவைதான். ஆனால் பங்காளி வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தது போல இருந்தது. அதே அரிசி, அதே பருப்பு. உப்பு ஜாடி மட்டும் வேறு அலமாரியில். நிரலைக் கட்டும் வழியைச் சொல்லும் மேக்ஃபைல் க்னூ மேக்கின் வழக்கில் எழுதப்பட்டிருந்தது. பிஎஸ்டியின் மேக்குக்கு அது புரியவில்லை. நிறுவும் ஸ்கிரிப்ட் பாஷ் ஷெல்லை 'பின்' அடைவில் தேடியது. ஃப்ரீபிஎஸ்டியிலோ வெளியிலிருந்து வரும் மென்பொருளெல்லாம் 'யூஎஸ்ஆர்-லோக்கல்' அடைவுக்குள்தான் குடியேற வேண்டும்.

இவை ஒரு மாலையில் தீர்ந்தன. நினைவகக் கணக்குதான் நாட்களைத் தின்றது. லினக்ஸில் 'ப்ராக்' அடைவில் உள்ள ஒரு கோப்பைத் திறந்தால், மீதி நினைவகம் கிலோபைட்டில் எழுத்தாகவே கிடைக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் அதை சிஸ்கன்ட்ரோல் என்ற வசதி வழியாக, இயங்குதளத்தின் கருவான கெர்னலிடம் கேட்க வேண்டும். அது சொல்வது பக்கங்களின் எண்ணிக்கையை. என் கணினியில் ஒரு பக்கம் 4 கிலோபைட். நான் அந்த எண்ணைக் கிலோபைட் என்றே எடுத்துக்கொண்டேன். 60 எம்பி மீதி இருக்கும்போது நிரல் 15 எம்பி என்று காட்டியது. எங்கோ நினைவகம் ஒழுகுகிறது என்று இரண்டு இரவுகள் தேடினேன். நான்கால் பெருக்க மறந்தது என் கை.

கடைசியில், அசல் நிரலில் நான் செய்த மாற்றங்களைச் சொல்லும் ஏழு பேட்ச் கோப்புகள் சேர்ந்தன. 1994-இல் ஜோர்டன் ஹப்பார்ட் தொடங்கிய, ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் தொகுப்பில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஓர் அடைவு உண்டு. எங்கிருந்து இறக்குவது, எதை நம்பியிருக்கிறது, எப்படிக் கட்டுவது என்று சொல்லும் மேக்ஃபைல்; வந்த பொதி அசல்தானா என்று சரிபார்க்கும் எண்கள்; ஒரு குறிப்பு. தேவைப்பட்டால் பேட்ச்களுக்கென உள்ளே இன்னோர் அடைவு. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருட்டி, அந்தத் தொகுப்பில் சேர்க்கும்படி மின்னஞ்சலில் அனுப்பினேன். ஏழு பேட்ச் என்பது அன்று எனக்குப் பெரிய பெருமை. நிரலை எழுதியவருக்கு ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை.

சில மாதங்களில் அவர் புதிய பதிப்பை வெளியிட்டார். என் ஏழில் நான்கு பேட்ச்கள் ஒட்டவில்லை. அவர் குறை அல்ல. அப்படி ஒரு வீட்டிலும் தன் நிரல் வாழ்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

இன்று கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. அன்று ஒரு முழு இரவு கம்பைல் ஆனது இப்போது தேநீர் ஆறுவதற்குள் முடிகிறது. பொதியைச் சரிபார்க்க எம்டி5 போய் எஸ்எச்ஏ256 வந்துவிட்டது. போர்ட்ஸ் தொகுப்பு 2021-இல் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறைக்கு மாறியது; அதில் இன்று 30,000-க்கும் மேற்பட்ட போர்ட்கள் இருக்கின்றன. பூட்ரியேர் என்ற கருவி ஒவ்வொரு போர்ட்டையும் காலி அறையில் வைத்துக் கட்டிப் பார்க்கிறது. என் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நூலகத்தை மேக்ஃபைலில் குறிப்பிட மறந்தால், அங்கே உடனே தெரிந்துவிடும்.

மாறாதது, தன் வீடு மட்டுமே உலகம் என்று எண்ணி எழுதும் பழக்கம். ஒரே சமயத்தில் பல இணைப்புகளைக் கவனிக்க லினக்ஸில் ஈபோல் உண்டு; ஃப்ரீபிஎஸ்டியில் 2000-இலேயே கேக்யூ வந்துவிட்டது. ஈபோலை மட்டும் நம்பி எழுதிய நிரல்கள் இன்றும் வருகின்றன. 'இது லினக்ஸா?' என்று நிரல் கேட்கக் கூடாது. 'இந்த வசதி இங்கே இருக்கிறதா?' என்று கேட்க வேண்டும். 1991-இல் பிறந்த ஆட்டோகான்ஃப் என்ற கருவி அப்படித்தான் கேட்கிறது. அப்படிக் கேட்கும் நிரல், எழுதியவர் கண்ணால் காணாத கணினியிலும் பிழைத்துக்கொள்ளும்.

எழுத்துச் சரத்தை இடம் மீறாமல் நகலெடுக்கும் எஸ்டிஆர்எல்சிபிஒய் என்ற செயற்கூறு 1998-இல் இன்னொரு பிஎஸ்டியான ஓபன்பிஎஸ்டியில் பிறந்தது. க்னூ சி நூலகத்துக்குள் அது வந்தது 2023-இல். இடைப்பட்ட 25 ஆண்டுகளில் எத்தனையோ நிரல்கள் அதற்கு ஒரு சொந்த நகலைச் சுமந்து திரிந்தன. நல்ல திருத்தம் ஊற்றுக்குப் போய்ச் சேராவிட்டால், அந்தச் சுமை ஆயிரம் தோள்களில் ஏறுகிறது.

அதனால் இப்போது பேட்ச் எழுதியதும் முதல் கடிதம் மூல ஆசிரியருக்கு. எது உடைந்தது, ஏன் உடைந்தது, இந்தத் திருத்தம் லினக்ஸிலும் எப்படிச் சரியாக ஓடுகிறது என்று எழுதுவேன். இரு கணினிகளிலும் சோதித்த முடிவுகளை இணைப்பேன். சிலர் மறுநாளே ஏற்பார்கள். சிலர் கேள்விகள் கேட்பார்கள். அந்தக் கேள்விகளால் என் திருத்தம் மேம்பட்டிருக்கிறது.

போன மாதம் ஒரு நிரலின் புதிய பதிப்பு வந்தது. பதினொரு ஆண்டுகளாக நான் சுமந்துவந்த கடைசி பேட்ச்சும் அதில் சேர்ந்திருந்தது. பேட்ச் அடைவை முழுதாக அழித்தேன். மேக்ஃபைல், சரிபார்ப்பு எண்கள், குறிப்பு என மூன்றே கோப்புகள் மிஞ்சின. கம்பைல் செய்தேன். ஒரு வரி மாற்றாமல், ஆசிரியர் எழுதியபடியே ஓடியது.