பழைய நேரமோ, புது நேரமோ?

எட தம்பி, கண் ரெண்டும் சிவந்துபோய் எழும்பி வாறாய். பெடியன் இரவிரவாச் சோதினைக்குப் படிக்கிறான் எண்டு கொம்மா நினைச்சுக்கொண்டிருக்கிறா. நான் யன்னலாலை பாத்தனான். கொரியாக்காரன் ஒருத்தன் பற்றறி இல்லாத வோக்கிரோக்கியை வாயடியிலை வைச்சு, செத்த காலத்துப் பொலிசோடை கதைக்கிறான். நீ இலையான் போறதும் தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறாய். குறை சொல்ல வரேல்லை. நானும் அந்தப் பகுதி முடியுமட்டும் வெளியிலை நிண்டு பாத்தனான். நுளம்பு கடிச்சதுதான் மிச்சம்.

உந்த வகைக் கதையள் எங்கை சூடு பிடிச்சது எண்டு விசாரிச்சு வைச்சிருக்கிறன். 2006 தை மாதம் பி.பி.சி.யிலை 'லைஃப் ஒன் மார்ஸ்' எண்டு ஒண்டு வந்தது. மான்செஸ்டரிலை சாம் டைலர் எண்ட பொலிசதிகாரியைக் கார் அடிச்சுப்போடுது. கண் முழிச்சால் 1973. அங்கை ஜீன் ஹண்ட் எண்டு ஒரு பெரியவர். வாயிலை சிகரட், கீழை கோட்டினாக் கார், குற்றவாளியோ இல்லையோ முதல் ரெண்டு சாத்து, பேந்துதான் விசாரணை. சட்டம் கதைக்கிற சாமும் கைநீட்டிப் பழகின ஹண்டும் பிடுங்குப்படுறதிலை 16 பகுதி ஓடிச்சுது. பிறகு அமெரிக்கா, ஸ்பெயின், ரஷ்யா, செக், கொரியா எண்டு ஒவ்வொருத்தரும் அதைத் தங்கடை ஊருக்கு மாத்தி எடுத்தினம்.

இதிலை ஒரு கெட்டித்தனம் கிடக்கு, கவனிச்சனியோ? ஸ்பெயின்காரன் தன்ரை ஆளை 1977க்கு அனுப்பினான். பிராங்கோ செத்தாப்போலை அங்கை முதல் தேர்தல் நடந்த வருசம் அது. கொரியாக்காரன் 1988க்கு அனுப்பினான், சோல் ஒலிம்பிக் நடந்த வருசம். தன்ரை நாடு எந்த முடக்கிலை திரும்பினதோ அந்த முடக்கிலை கொண்டுபோய் ஆளை இறக்கிவிடுறாங்கள். அப்ப அச்சுவேலிக்கு ஒரு ஆளை அனுப்புறதெண்டால் எந்த வருசத்துக்கு அனுப்புறது? நீ படத்தைப் பாத்துப்போட்டுக் குப்புறப் படுத்திட்டாய். எனக்கெல்லோ நித்திரை போச்சு.

அசல் கதையின்ரை 1973ஐ முதல் பாப்பம். உன்ரை சீ.ஐ.டி.யை வல்லை வெளியிலை ஒரு ஹையேஸ் வான் அடிக்கட்டும். அதுக்கு அதைவிட வேறை இடமில்லை, காத்தைத் தவிர சாட்சி கிடையாது. ஆள் கண் முழிச்சு, உடுப்பைத் தட்டிப்போட்டு, சந்திப் பக்கம் நடந்து வாறார். மான்செஸ்டரிலை சாமுக்கு ஒரு வசதி இருந்தது. ஹைட் எண்ட இடத்திலையிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தன் எண்டு கடுதாசியெல்லாம் ஆயத்தமாக் கிடந்தது. ஒருத்தரும் துருவிக் கேக்கேல்லை. அச்சுவேலியிலை அது நடக்குமோ? தேத்தண்ணிக் கடை வாங்கிலை குந்தமுந்தி ஒருத்தர் துவங்குவார்.

"தம்பி எவடம்?"

"கொழும்பு."

"அது உத்தியோகம். சொந்த இடம் எவடம்? தேப்பன் ஆர்? தாய் ஆற்றை பகுதி?"

பாவி மனுசன் வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லுவார். "ஓ, அப்ப நீர் இடைக்காட்டிலை முடிச்ச வாத்தியாற்றை மூத்தவரே? உம்மடை சித்தப்பா எங்களுக்குக் காசு தரவேணுமே!" தேத்தண்ணி ஆறமுந்தி நாலு தலைமுறையைத் தோண்டி வெளியிலை போட்டிடுவம். பொழுதுபட முந்தி ஒரு கலியாணப் பேச்சும் வந்திடும். துப்புத் துலக்க வந்தவருக்கு இனித் துலக்க என்ன மிச்சம்?

உடுப்பையும் விடாயினம். சிறிமாவோ அம்மாவின்ரை ஆட்சி, இறக்குமதியெல்லாம் இறுக்கிப் பூட்டு. அந்த நேரத்திலை புதுமாதிரிக் காற்சட்டையோடை ஒருத்தன் வடக்காலை நடந்து வாறான் எண்டால், வல்வெட்டித்துறையிலை சரக்கு இறக்கின ஆளாத்தான் இருக்கவேணும். பொலிசுக்குச் சொல்லுவினமோ? சீச்சீ. மெல்லக் கிட்டப்போய்க் காதுக்குள்ளை, "சீலை ஏதும் கிடக்கோ?" எண்டு கேப்பினம்.

அவருக்குப் பொலிசிலை கொலை வழக்கும் குடுக்கமாட்டாங்கள். அரிசியை ஊருக்கு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு போட்ட காலம். வழி மறிச்சு நிண்டு கிழவியளின்ரை பையைத் தடவுற வேலைதான் கிடைக்கும். சங்கக்கடையிலை கூப்பனோடை வரிசை, பாணுக்கு விடியப்புறத்திலை வரிசை. ஆனால் வெளியாலை வெங்காயமும் செத்தல் மிளகாயும் வராததாலை எங்கடை தோட்டக்காரனுக்கு அதுதான் பொற்காலம். மிளகாய்க் காசிலை கல்வீடு கட்டினவை, லொறி எடுத்தவை, மேளின்ரை சீதனத்தை ஏத்தினவை எத்தினை பேர். இண்டைக்கும் அச்சுவேலிச் சந்தையிலை ரெண்டு கிழடுகள் "சிறிமாவின்ரை காலம்" எண்டு ஒரே மூச்சிலை பெருமூச்சு விடுங்கள். ஒண்டு பாண் வரிசையை நினைக்குது, மற்றது மிளகாய் விலையை நினைக்குது. எந்தப் பெருமூச்சை உன்ரை சீ.ஐ.டி. வாக்குமூலமா எழுதுவார்?

இன்னொண்டும் சொல்லுறன். இந்த நாட்டிலை காலத்தைக் குழப்ப ஒரு வாகனமும் வந்து மோதத் தேவையில்லை, அரசாங்கமே அந்தத் தொண்டைச் செய்யும். 1966 தொடக்கம் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு இல்லை, போயாவுக்குத்தான் லீவு. ஞாயிறு எப்ப எண்டு கேக்கிறதெண்டால் கோயில் சுவாமியாரிட்டைத்தான் போகவேணும்.

பேந்து 1990. கறண்டு நிண்டுது, நாங்கள் ஐம்பது வருசம் பின்னாலை போய் விழுந்தம். பற்றறிக்குத் தடை, சீமெந்துக்குத் தடை, மண்ணெண்ணெய்க்கு யானை விலை. ஜாம் போத்திலுக்குள்ளை திரி போட்டு அந்த வெளிச்சத்திலை படிச்சவை இண்டைக்கு டொக்டர்மாராத் திரியினம். சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோக் கறண்டிலை பி.பி.சி. தமிழோசை கேட்டம். சுத்துற பெடியன் களைச்சால் செய்தி வாசிக்கிறவரும் களைச்சுப்போவார். அதே பி.பி.சி. பதினாறு வருசத்துக்குப் பிறகு ஒரே ஒருத்தனைப் பின்னாலை அனுப்பிப்போட்டு உலகப் புதினமாக் காட்டிச்சுது. குடாநாட்டோடை சேத்து அனுப்பின எங்களை ஆர் கேட்டது?

ஆனால் தம்பி, மெய்யான காலப் பயணம் அதுகும் இல்லை. 1995 ஐப்பசி 30இலை வலிகாமம் முழுக்க ஒரே இரவிலை எழும்பி நாவற்குழிப் பாலத்தாலை தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருசம் சித்திரை, வைகாசியிலை திரும்பி வந்தம். வந்து முற்றம் கூட்டி முடியேல்லை, வைகாசிக் கடைசியிலை கொழும்பிலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டாங்கள். மழை இல்லை, அணைக்கட்டிலை தண்ணி இல்லை, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவேணுமாம். கறண்டே இல்லாத நாங்களும் சேந்து மிச்சம் பிடிச்சம். ஐப்பசியிலை அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தாங்கள். மற்ற அரை மணித்தியாலம் 2006 சித்திரை மட்டும் அரசாங்கத்திட்டைத்தான் கிடந்தது.

புலிகள் அந்த மாற்றத்தை ஏற்கேல்லை. வன்னியிலை பழைய நேரம், எங்களுக்குப் புது நேரம். ஐயரைக் கேட்டால் முகூர்த்தத்துக்குப் பழைய நேரம் சொல்லுவார், கொண்டக்டரைக் கேட்டால் பஸ்சுக்குப் புது நேரம் சொல்லுவார். மாப்பிள்ளை பிந்தி வந்தவரோ முந்தி வந்தவரோ எண்டு பொம்பிளை வீட்டார் விரல்விட்டு எண்ணவேணும். 2002இலை ஏ9 பாதை திறந்தாப்போலை முகமாலையாலை போனவையைக் கேட்டுப்பார். இங்காலை பத்து மணி எண்டால் அங்காலை ஒன்பதரை. ஓமந்தையாலை வெளிக்கிட்டால் வாங்கின அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கட்டவேணும். இடையிலை வரிசையிலையும் பதிவிலையும் போற மணித்தியாலங்களை விடு, அது கதையைக் கெடுத்துப்போடும். அங்காலை வேறை பொலிஸ், வேறை நீதிமன்றம். காலத்தாலை பின்னுக்குப் போய் வேறையொரு பொலிசின்ரை கையிலை அகப்படுற கதைக்கு வேறை என்ன வேணும்? பி.பி.சி.க்காரன் கற்பனைதான் செய்தான். நாங்கள் ரிக்கற் எடுத்து பஸ்ஸிலை போய்வந்தனாங்கள்.

அரை மணித்தியாலம் என்ன பெரிய சாமானோ எண்டு சிரியாதை. 1951 ஐப்பசி 9, கொழும்பு பம்பலப்பிட்டி. கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின்ரை மனிசி கழுத்து நெரிபட்டுச் செத்துக்கிடந்தா. சதா எண்டால் லேசுப்பட்ட ஆளில்லை, 1947இலை சேப்பாக்கத்திலை 215 அடிச்சவர். அவரைப் பிடிச்சுக் குற்றவாளிக் கூண்டிலை ஏத்திப்போட்டாங்கள். வீட்டு வேலைக்காரன் வில்லியம் அரசதரப்புச் சாட்சி. வழக்கு முழுக்க ஒரு கேள்வியிலை தொங்கினது: அந்த மனிசி செத்தது எத்தினை மணிக்கு? சதா காலமை பத்தரை மட்டிலை ரக்சி பிடிச்சுப் போயிட்டார். உயிர் போனது அதுக்கு முந்தியோ பிந்தியோ? பிரேதம் ஆறின கணக்கை வைச்சுக்கொண்டு பேராசிரியர் டி சேரமும் எடின்பரோ சேர் சிட்னி ஸ்மித்தும் சாட்சி சொல்ல, கொல்வின் ஆர். டி சில்வா வாதாட, 57 நாள் நடந்த வழக்கிலை 1953 ஆனியிலை யூரிமார் சதாவைச் சுற்றவாளி எண்டு விட்டினம். அந்தக் காலமை மட்டும் ரெண்டு நேரம் ஓடியிருந்தால் கொல்வினே தலையைச் சொறிஞ்சிருப்பார்.

இனி உன்ரை வோக்கிரோக்கிக்கு வாறன். அது 2016இலை வந்த 'சிக்னல்'. இந்திக்காரரும் அதை எடுத்து 2024இலை 'கியாரா கியாரா' எண்டு விட்டினம், அதிலை இரவு 11 மணி 11 நிமிசத்துக்குத்தான் அந்தச் சாமான் கதைக்குமாம். நல்லது. அந்தக் கதைக்கு அடியிலை ஒரு மெய் வழக்குக் கிடக்கு. கொரியாவிலை ஹ்வாசோங் பக்கத்திலை 1986 தொடக்கம் 1991 வரை பத்துப் பெண்டுகளைக் கொண்டுபோட்டாங்கள். ஆள் பிடிபடேல்லை. 2006இலை வழக்குப் போடுற கெடுவே முடிஞ்சுபோச்சு. பேந்து 2019இலை ஆளைக் கண்டுபிடிச்சாங்கள். வேறை ஒரு கொலைக்காக எப்பவோ உள்ளை போன ஒருத்தன், மறியலிலைதான் இருந்தவன். எந்த வோக்கிரோக்கியும் வாய் திறக்கேல்லை. எடுத்து வைச்ச தடயச் சாமானிலை மரபணு ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கெடு முடிஞ்சதாலை அந்தக் கொலையளுக்கு அவனைத் தண்டிக்க ஏலாமல் போச்சு. ஆனால் எட்டாவது கொலையைத் தலையிலை கட்டி இருபது வருசம் மட்டிலை உள்ளை போட்டு வைச்சிருந்த ஒரு அப்பாவியை 2020இலை நிரபராதி எண்டு தீர்த்தாங்கள். உனக்கு அந்தக் கதாநாயகன் பெரிய ஆள். எனக்கெண்டால், அறைக்குப் பெயின்ற் அடிக்கிறம் எண்டு பழசெல்லாத்தையும் அள்ளிக் கொளுத்தாமல் விட்ட ஆரோ ஒரு உத்தியோகத்தன்தான் பெரிய ஆள். நீ போன கிழமை கொப்பற்றை றங்குப்பெட்டியை என்ன செய்யப் பாத்தனி எண்டு நான் கொம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை.

அங்கை ஆர் எண்டு தெரியாமல் முப்பது வருசம் நிண்டாங்கள். இஞ்சை சங்கதி மற்றப்பக்கம். அந்த பி.பி.சி.க்காரர் பிறகு 'ஆஷஸ் டு ஆஷஸ்' எண்டு ஒரு பொம்பிளை அதிகாரியை 1981க்கு அனுப்பினவை, லண்டனுக்கு. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருந்தால்? வைகாசி 31 இரவு நூலகம் எரியுது, 97,000 புத்தகம். அவ சாட்சி தேடி அலையத் தேவையில்லை. தான் பொலிஸ் எண்டதை ஒளிக்கத்தான் முதல் இடம் தேடியிருப்பா. ஆர் கொளுத்தினது எண்டு தெரியாத சனம் இல்லை, அதுக்காக மறியலுக்குப் போன ஒருத்தரும் இல்லை. செம்மணிப் புதைகுழியும் அப்பிடித்தான். 1998இலை தீர்ப்பு வாங்கின ஒரு படையாள் நீதிமன்றத்திலை வாய் திறந்தான், 1999இலை 15 பேரின்ரை எலும்பு எடுத்தாங்கள். 2025இலை சித்துப்பாத்தி மயானத்திலை திரும்பக் கிண்ட, குழந்தைப்பிள்ளையளின்ரை எலும்பும் வந்தது. உதிலை எனக்குப் பகிடி வராது தம்பி. பேசாமல் இரு கொஞ்சம்.

சரி. அச்சுவேலிக்கு மெய்யா ஒரு துப்பறிவாளர் வந்தால் என்ன நடக்கும் எண்டு சொல்லுறன். கொலை வழக்குப் பாக்க அவருக்கு நேரமிராது. சனம் கையிலை உறுதியோடை வரிசையிலை நிக்கும். "ஐயா, என்ரை பேரனார் காலத்திலை இந்தப் பூவரசங் கதியால் எவடத்திலை நிண்டது? ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாருங்கோ." எங்கடை ஆக்களின்ரை குற்றம் அவசரப்படாத குற்றம். வேலி அடைக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு சாண். கதியால் பட்டுப்போச்சு எண்டு புதுசு நடேக்கை ஒரு சாண். தேப்பன் விட்டதை மகன் தொடருவான், பேரன் வெளிநாட்டுக் காசிலை மதில் எழுப்பேக்கை ஒரேயடியா ஒரு முழம். ஒல்லாந்தன் தோம்பு எழுதினான், நொத்தாரிசு 'கிழக்கு எல்லை இன்னார் வளவு' எண்டு எழுதிக் காசும் வாங்கினார். இன்னார் செத்து மூண்டு தலைமுறை. வேலி எங்கையிருந்து எங்கை நடந்தது எண்டு ஒழுங்கையாலை போற எல்லாருக்கும் தெரியும். கேட்டுப்பார், "எங்களுக்கேன் வீண் சோலி" எண்டு சைக்கிளை மிதிப்பினம்.

ஆனபடியாலை உனக்கு அந்த வழி அகப்பட்டால் என்ரை சொல்லைக் கேள். 1947க்குப் போ, சேப்பாக்கத்திலை குந்தியிருந்து சதா அடிக்கிறதைப் பார். 1973க்குப் போ, ஆனால் முதல் உன்ரை தேப்பன்வழிப் பேரையெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போ. 1981 வைகாசிக்குப் போனால் ஆரையும் பிடிக்க நில்லாதை, ரெண்டு கையாலையும் ஏலுமான புத்தகத்தை அள்ளிக்கொண்டு ஓடி வா. 1996 வைகாசிப் பக்கம் மட்டும் போகாதை மோனை. மணிக்கூடு குழம்பின மாதம், வழி மாறிப்போவாய். வேலியள் எல்லாம் விழுந்து கிடந்தது, அரைவாசிச் சனம் வந்து சேரேல்லை. முந்தி வந்தவை தங்கடை தங்கடை ஞாபகத்தின்படி கதியால் போட்டவை. கிழக்கு வேலி போடேக்கை என்ரை ஞாபகம் வலு திறமா வேலை செய்தது.