தலைக்கு மேலே தச்சு வேலை

சென்னையின் பழைய அடுக்குமாடிகளில் கீழ்வீட்டுக் குளியலறைக்குக் கூரை என்பது மேல்வீட்டுக் கழிவுக்குழாய்தான். தரையைப் பள்ளமாக இறக்கிக் குழாயைப் புதைக்காத கட்டடம் என்றால் மேல்வீட்டுத் தரைத் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப் நம் உச்சந்தலைக்கு நேராகத் தொங்கும். மேலே யார் எப்போது குளிக்கிறார்கள் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஊரிலிருந்து வந்த சித்தப்பா குளித்துவிட்டு, "என்னடா, குடல் மாதிரி தொங்குது?" என்று கேட்டார். அன்றே ஃபால்ஸ் சீலிங் என்று மனைவி தீர்ப்பளித்துவிட்டாள்.

ஜிப்சம் போர்டு ஈரத்துக்கு ஆகாது. பிவிசி என்று நான் வாயெடுத்ததும் ஆசாரி என்னை இரக்கத்தோடு பார்த்தார். ரெண்டுக்கு ஒண்ணு ரீப்பரில் சட்டம், கரையான் மருந்து, அதன்மேல் மரைன் பிளை என்று முடிவாயிற்று. ஐ.எஸ். 710 முத்திரை வாங்க இந்தப் பலகையை 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிப்பார்களாம். நாங்கள் வெந்நீரில் குளிப்பவர்கள்தான், ஆனால் அவ்வளவு நேரம் குளிப்பதில்லை.

குளியலறைக்கு 2.1 மீட்டர் உயரமாவது வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஆசாரியிடம் வேறு விதி இருந்தது. என்னை நடுவில் நிறுத்தி, "தலைக்கு எண்ணெய் தேய்ங்க சார்" என்றார். தேய்ப்பதுபோல் பாவனை செய்தேன். முழங்கை எதிலும் இடிக்கவில்லை. "போதும்" என்று சுவரில் பென்சில் கோடு போட்டார். அளந்து பார்த்தால் விதிக்குமேல் மூன்று விரல் உயரம் கூடுதலாகவே இருந்தது.

டைல்ஸில் டிரில் வழுக்காமலிருக்க ஒரு துண்டு டேப்பை ஒட்டி, அதன்மேல் மெதுவாகத் துளை போட்டார். ஒரு டைல் கூட விரியவில்லை. அப்புறம் மூலைமட்டம் வைத்தார். நாலு மூலையும் நாலு அபிப்பிராயம் சொன்னது. கட்டிய மேஸ்திரியை நினைத்து ஆசாரி சொன்னதை இங்கே எழுத முடியாது.

நிஜமான சண்டை கூரையில் வைக்கும் கதவுக்குத்தான். குழாயை மூடினால் போதுமா, நாளை ஒழுகினால் திறக்க வேண்டாமா? கதவு நட்டநடுவில் இருந்தால்தான் அழகு என்றார் ஆசாரி. "அழகையா நான் ரிப்பேர் பண்ணப் போறேன்? கையை விட்டா ட்ராப் கிடைக்கணும்" என்றார் பிளம்பர். பிளம்பர் ஜெயித்தார். கதவு ஓரமாகப் போயிற்று. அதோடு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டை, விளக்குக்கு ஓட்டை, கீசர் குழாய்க்கு ஓட்டை. இவையெல்லாம் போக மிஞ்சியதற்குத்தான் ஃபால்ஸ் சீலிங் என்று பெயர்.

பலகை ஏறுவதற்கு முன் மேல்வீட்டு மாமியிடம் தண்ணீர் விடச் சொன்னோம். மாமி வாளி வாளியாகக் கொட்டிவிட்டு, ஜன்னல் வழியாக, "போதுமா, இன்னும் ஊத்தட்டுமா?" என்று குரல் கொடுத்தார். இணைப்பு ஒன்றில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. பிளம்பர் அங்கேயே அதன் வாயை அடைத்தார்.

வேலை சுத்தம். குழாய் தெரியவில்லை, சத்தம் மட்டும் பலகையில் பட்டு முன்னைவிடக் கணீரென்று கேட்கிறது. நீங்களும் செய்வதாக இருந்தால், முதலில் கதவுக்கு இடம் பாருங்கள், பிறகு அதைச் சுற்றிக் கூரையை அடியுங்கள். மேல்வீட்டுக்காரரோடு சண்டை ஏதும் இருந்தால் அதற்கு முன்பே சமாதானமாகிவிடுங்கள். வாளித் தண்ணீர் அவர்தான் ஊற்ற வேண்டும்.