உரலா, காற்றா?

கேள்வி: முகப் பவுடர் தயாரிக்கும் ஆலையில், நம் வீட்டு உரலைப்போல் பெரிதாக ஏதேனும் வைத்து இடிப்பார்களோ? — ஒரு வாசகி

பதில்: உரலும் இல்லை, உலக்கையும் இல்லை, அம்மணி, காற்றுதான் இடிக்கிறது! கனிமங்களிலெல்லாம் மிருதுவானதென்று கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் 1 என்னும் அடிமட்ட ஸ்தானம் பெற்ற, பவுடரின் மூலப்பொருளான மாக்கல்லை முன்னதாகவே பொடித்து, ஜெட் மில் என்னும் வட்டமான அறைக்குள் செலுத்தி, சப்தத்தையும் விஞ்சும் வேகத்தில் பீறிடும் அமுக்கக் காற்றினால் சுழற்றிவிட்டால், துகள்கள் ஒன்றையொன்று மோதி நொறுக்கிக்கொண்டு (கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை) சுமார் 10 மைக்ரான் என்னும், தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கான சூக்ஷ்ம நிலையை எய்துகின்றன. கனத்தவை ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க, மெலிந்தவை மட்டும் நடுவாசல் வழியே வெளியேறுகின்றன. குண்டுகளை உருட்டி அரைக்கும் பால் மில்லில் நெடுநேரம் விட்டாலோ, மாக்கல்லின் தகட்டு வடிவம் சிதைந்து, அந்த வழவழப்பே போய்விடும்.