ஒற்றை விரல் கிடார்காரர்

இரண்டாவது பாட்டு பாதியைத் தாண்டியிருக்காது, எங்கள் குழுவின் லீட் கிடார்காரரின் ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்க்க உயர்ந்துவிடும். கடவுளுக்கு நன்றி சொல்கிறார் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் பேசுவது மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சவுண்டுக்காரரிடம்: "சேட்டா, மானிட்டர்ல என் கிடார் எனக்கே கேக்கலை, ஏத்துங்க!"

வெள்ளிக்கிழமை கோவளம் லைட்ஹவுஸ் பீச்சில் ஓர் ஓட்டல். விரல் உயர்ந்தது. முன்மேசையில் இருந்த வெள்ளைக்காரர் அதை ஏதோ நடன முத்திரை என்று எடுத்துக்கொண்டு தாமும் விரலை உயர்த்தினார். சர்வர் இன்னொரு பீர் கொண்டுவந்து வைத்தார். விரல்கள் மறுபடி உயர்ந்தன. பீர் மறுபடி வந்தது. அன்றைய வியாபாரத்தில் எங்களுக்கு ஒரு பங்கு தந்திருக்க வேண்டும், தரவில்லை.

சனிக்கிழமை வழுதக்காட்டில் கல்யாண ரிசப்ஷன். இடைவேளையில் கரமனைப் பாட்டி ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டாப்பா, அந்தப் பிள்ளை எதுக்கு மேலேயே காட்டிண்டிருக்கான்? ஃபேன் ஓடலையா?"

"இல்லை பாட்டி, அவருக்குக் கேக்கலையாம்."

"நான் காது மெஷினைக் கழட்டிப் பைக்குள்ள வெச்சுட்டேன். எனக்கே கேக்கறதுடா!"

அவருக்கு ஏன் கேட்கவில்லை என்பது பெரிய மர்மம் இல்லை. ஆம்பைத் தரையில் வைத்து அதன் முன்னால் ஒட்டி நிற்கிறார். ஸ்பீக்கர் அவர் முழங்காலுக்கு வாசிக்கிறது. கிடாரின் கூர்மையான ஒலி நேர்கோட்டில் போகிற சாதி. அது அவர் காலிடுக்கில் புகுந்து முன்வரிசைக்காரர் நெற்றியில் போய் இறங்கும். முழங்காலுக்குக் காது இல்லை என்பதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் குமிழைத் திருகுகிறார். ஆம்பின் சக்தியை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான்; சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகவே திருகினது அவருக்கு ஒருபோதும் போதாது.

அவர் ஏற்றியதும் பேஸ்காரர் ஏற்றுவார். கீபோர்டுக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? பாடுகிறவர் மைக்கை விழுங்குகிற தூரத்துக்கு வருவார். நான் டிரம்ஸ்காரன். எனக்குத் திருகக் குமிழ் கிடையாது, இரண்டு கைதான். ஓங்கி அடிப்பேன், குச்சி முறியும். உடனே அவர் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் மெதுவா அடிங்களேன், என் கிடார் கேக்கலை" என்பார்.

சவுண்டுக்காரச் சேட்டன் மட்டும் இதற்கு மருந்து வைத்திருக்கிறார். விரல் உயர்ந்ததும் குனிந்து, ஒன்றிலும் இணைக்காத ஒரு ஃபேடரை மெல்ல, பயபக்தியோடு மேலே தள்ளுவார். கிடார்காரர் கண்ணை மூடித் தலையாட்டுவார்: "ஆ... இப்போ சரி!" அடுத்த பாட்டில் மறுபடி விரல். சேட்டன் மறுபடி அதே ஃபேடர்.

ஞாயிறு மாலை மானவீயம் வீதி. வயலார் ராமவர்மா சிலையாக நிற்கும் தெரு. பாட்டு எழுதியவர் முன்னால் சொல்லாவது தெளிவாகக் கேட்கட்டும் என்று எனக்கு ஆசை. அவியல் இசைக்குழு மலையாளத்திலேயே ராக் பாடி, 2008-ல் ஆல்பம் போட்டுக் காட்டிய ஊர் இது. கேட்பவர்களுக்குக் காது பழகியிருக்கிறது, ஒரு சொல் விழுங்கப்பட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் பாட்டில் விழுங்கப்படாத சொல்லே இல்லை. போதாததற்கு ஒலிமாசு விதிகள் வேறு, 2000-ல் வந்தவை: குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. 9.55-க்குக் கிடார்காரர் கடைசி சோலோவைத் தொடங்கினார்.

அந்த சோலோ நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். மரத்தடியில் ஆட்டோக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் எங்கள் பக்கம் திரும்பி, பரீட்சையில் பாஸான பையன்போலச் சிரித்தார். அப்போது அவர் விரல் உயரவில்லை. பத்தும் வேலையாக இருந்தன. இந்த மனிதரை விட்டுவிட முடியாதது இதனால்தான்.

அதன் பிறகு சாமான் ஏற்றும் நேரம் வந்தது. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய ஆம்ப் முப்பது கிலோவுக்குக் குறையாது. வெள்ளிக்கிழமை போன கோவளத்தில் வண்டி கடல் ஓரத்து ஓட்டல்வரை வராது, மேலே ரோட்டில்தான் நிற்கும். டிரம்ஸையும் தூக்கி அந்த ஆம்பையும் தூக்கிக்கொண்டு ஏறியவன் நான். அவர் கிடார் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரசிகர்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று இடங்களிலும் இதே கதை. பணம் சமபங்கு, பெட்ரோல் சமபங்கு, தூக்குவது மட்டும் தனிப்பங்கு. திங்கள் காலை டெக்னோபார்க் ஆபீஸில் எனக்குக் காதில் விசில் அடிக்கிறது, இடுப்பில் வேறு வலி.

உங்கள் வீட்டிலும் ஒரு லீட் கிடார்காரர் இருந்தால் அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றி, முகத்தைப் பார்க்கச் சாய்த்து வைத்தால் பாதிச் சத்தத்திலேயே அவருக்குக் கேட்கும். அந்த நாற்காலிமேல் ஆம்பைத் தூக்கி வைப்பதும் அவரே செய்யட்டும்.